வால்வு பொருத்திவிட்டால் போதுமா?

கோபிநத்தத்தில் பொழுது சாய்ந்து, கடைசிப் பேருந்தும் வந்து அடங்கி, காட்டுப் பக்கமிருந்து காற்று இறங்கத் தொடங்கிய பிறகு, வீட்டு மின்விசிறியையும் நிறுத்திவிட்டால் எழுகின்ற நிசப்தத்தில், உலோக வால்வு பொருத்திய ஒருவருடைய மார்பிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒலிப்பது அடுத்த பாயில் படுத்திருப்பவர் காதுக்கும் எட்டும். ரணசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய புதிதில் அந்த ஒலி தூக்கத்தைக் கெடுக்கும், ‘கடிகாரத்தை முழுங்கிட்டியாம்மா?’ என்று குழந்தைகள் மார்பில் காதை வைத்துக் கேட்கும். சில மாதங்களில் வீடு முழுவதற்கும் அது பழகிவிடும். அந்த ஒலி பழுதல்ல, வால்வு ஒழுங்காகத் திறந்து மூடுவதன் அடையாளம் என்பதையும், என்றேனும் அது மங்கினாலோ மறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும் என்பதையும் அந்த வீட்டாருக்கு யாரேனும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இங்கே வருகின்ற பெண்மணி தனி நபர் ஒருவர் அல்லர். காட்டோரக் கிராமங்களிலிருந்து பெரிய நகரத்துக்குப் போய் வால்வு மாற்றிக்கொண்டு திரும்புகின்ற அநேகருக்குப் பொதுவாக நேர்கின்றவற்றைச் சேர்த்து, அவரை ஒரு கோபிநத்தத்துத் தாயாராக வைத்துப் பார்க்கிறோம். கோபிநத்தத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 வரையில் சென்னை ராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்த, இவ்வூர் அடங்கிய கொள்ளேகால் தாலுகா, மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது மைசூர் ராஜ்யத்துடன் சேர்ந்தது; அதன் பிறகு மைசூரு மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் இருந்துவருகின்ற இந்தக் காட்டோர ஊரில் வீட்டுமொழி இன்றும் தமிழ்தான். வீரப்பன் பிறந்த ஊர் என்று வெளியுலகம் இதை அறியும். ஊராருக்கு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்து, மருத்துவ உதவிக்கும் வழிசெய்து, 1991-இல் கொலையுண்ட வன அதிகாரி பி. ஸ்ரீனிவாஸின் ஊழியபூமி என்றும் இதை அறிந்திருப்பது நியாயம்.

இங்கே ஒருவருக்கு நெஞ்சு படபடத்து மேல்மூச்சு வாங்கினால், பாலாறு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி மேட்டூருக்கும் சேலத்துக்கும் போகலாம். அல்லது மாதேஸ்வரன் மலையேறி, கொள்ளேகால் வழியாக நூறு மைலுக்கு மேல் பிரயாணம் செய்து, மைசூரில் உள்ள ஜெயதேவா இருதய மருத்துவமனையை அடையலாம். எங்கே போனாலும் சிகிச்சை கிடைத்துவிடுகிறது. ஆனால் வீடு திரும்பும்போது கையில் கொடுக்கப்படுகின்ற காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, மைசூரில் அதை விளக்குகின்ற செவிலியர் கன்னடத்தில் விளக்குகிறார், கேட்டுக்கொண்டிருப்பவரோ தமிழச்சி. புரிந்ததா என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டு வண்டியேறுகிறார்.

தொண்டையில் தொடங்குகின்ற வியாதி

ஹிருதயத்தின் நான்கு அறைகளிலிருந்து ரத்தம் முன்னோக்கி மட்டுமே செல்லும்படி காக்கின்ற நான்கு வால்வுகளும், அணைக்கட்டின் மதகுகளைப் போல, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை திறந்து மூடுகின்றன. மதகு முழுவதும் திறவாவிட்டால் அதை வால்வு சுருக்கம் என்கிறோம். முழுவதும் மூடாவிட்டால் வால்வு கசிவு, அல்லது ஜனங்கள் சொல்வதுபோல் ‘வால்வு லீக்’. மேல்நாடுகளில் இது பெரும்பாலும் முதுமையில் வால்வின்மேல் சுண்ணாம்பு படிவதால் வருகின்ற வியாதி. நம் நாட்டு ஏழைக் குடும்பங்களிலோ இதன் வித்து பள்ளிப் பருவத்திலேயே விழுந்துவிடுகிறது.

5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட ஒரு குழந்தைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது. நெருக்கமாகப் படுத்துறங்குகின்ற சிறு வீடுகளில் அது எளிதாகப் பரவும். தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு காய்ச்சல் அடித்து, முழங்கால் வீங்கி, அது வடிவதற்குள் கணுக்காலும், பிறகு மணிக்கட்டும் வீங்கும். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் தற்காப்புச் சக்தியே வழி தவறித் தன் மூட்டுகளையும் ஹிருதயத்தையும் தாக்குகின்ற இந்த நிலைதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி தானாகவே தணிந்துவிடுவதால், ‘வாயுப் பிடிப்பு, எண்ணெய் தேய்ச்சதும் போயிருச்சு’ என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். வால்வில் விழுந்த தழும்பு மட்டும் போவதில்லை. மறுபடி மறுபடி தொண்டைப்புண் வருந்தோறும் அது தடித்து, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாசல் குறுகிக்கொண்டே போகிறது. மேல்நாட்டில் நாற்பது வயதில் காணப்படுகின்ற அளவு வால்வுச் சுருக்கம் இந்தியாவில் இருபது வயதுக்கு முன்பே வந்துவிடுவதை, 1963-ஆம் ஆண்டிலேயே டாக்டர் சுஜய் பி. ராய் முதலியோர் உலக வைத்திய சமூகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தார்கள். பர்மாவிலிருந்து யுத்தகாலத்தில் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்து, பின்னாளில் இந்தியாவின் முதல் பெண் ஹிருதய வைத்திய நிபுணராக விளங்கிய டாக்டர் எஸ். பத்மாவதியும் இந்த வியாதியைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார்.

இதைத் தடுக்கும் மருந்து பழையது, விலை குறைந்தது. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு 21 நாளைக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட வேண்டும். வால்வு கெடவில்லையென்றால் சில ஆண்டுகள். கெட்டிருந்தால் குறைந்தது பத்தாண்டுகள் அல்லது 25 வயது வரை. கடுமையாகக் கெட்டிருந்தால் 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுவதும். வால்வை மாற்றிய பிறகும்கூட, வைத்தியர் நிறுத்தச் சொல்லாதவரை இந்த ஊசி தொடர வேண்டும். ஏனென்றால் மாற்றாத மற்ற வால்வுகள் அதே உடம்பில்தான் இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தை அறியாததனாலேயே ‘அதான் ஆபரேஷன் ஆயிருச்சே’ என்று ஊசியை நிறுத்திவிடுகிறார்கள்.

பெட்டிச் செய்தி: உலகக் கணக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ருமாட்டிக் ஹிருதய நோயுடன் வாழ்பவர்கள் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர். ஆண்டுதோறும் இதனால் இறப்பவர்கள் சுமார் 3.6 லட்சம் பேர். நோயாளிகள் தொகையில் இந்தியாவின் பங்கு மிகப் பெரியது. இந்த நோயை ஒடுக்க வேண்டுமென்று 2018 மே மாதம் உலக சுகாதார சபை தீர்மானம் நிறைவேற்றியது. சுருங்கிய வால்வைத் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் செலுத்தி விரிக்கும் முறையை ஜப்பானிய வைத்தியர் கான்ஜி இனோவே 1984-இல் வெளியிட்டார். மார்பைத் திறவாமலே செய்யப்படும் அந்தச் சிகிச்சை இன்று பெங்களூரு, மைசூரு, சென்னை முதலிய இடங்களில் நாள்தோறும் நடைபெறுகிறது.

திருவனந்தபுரத்து வால்வு

பலூனால் விரிக்க முடியாதபடி கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைப்பது 1960-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகின்ற காரியம். அயல்நாட்டு வால்வின் விலை நம்மவர்களுக்கு எட்டாததாக இருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவருடைய சகாக்களும் இந்தியாவிலேயே ஒரு வால்வை உருவாக்க முயன்று, மூன்று மாதிரிகள் அடுத்தடுத்துத் தோற்றும் தளராமல், நான்காவதைச் செம்மறியாடுகளில் சோதித்துத் தேறியபின், 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் வட்டத்தகடு, ஹிருதயத்தோடு சேர்த்துத் தைக்கப் பாலியெஸ்டர் துணிவிளிம்பு. இவ்வளவுதான் அதன் அமைப்பு. டி.டி.கே. நிறுவனத்தார் தயாரிக்கும் இந்தச் சித்ரா வால்வு இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. 2024 ஜூலையில் வலியத்தான் காலமானபோது, அவர் கையால் ஆனதென்று அறியாமலே அந்த ஒலியோடு உறங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இன்று கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் இந்த ரணசிகிச்சையின் பெருஞ்செலவை ஏற்கின்றன. ஆகவே, கோபிநத்தத்துத் தாயார் நெஞ்சில் வால்வுடன் ஊர் திரும்புவது இப்போது அதிசயமல்ல. திரும்பிய பிறகு அவர் எத்தனை ஆண்டு நலமாக வாழ்கிறார் என்பது வேறொன்றைப் பொறுத்திருக்கிறது.

சிறு மாத்திரையின் பெரிய ஆட்சி

உலோகத்தின்மேல் ரத்தம் உறையும் சுபாவம் உடையது. உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும்; உறைகட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் உலோக வால்வு வைத்தவர்கள் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் ரத்தம் கட்டும். கூடினால் ரத்தம் கசியும். சரியான இடத்தில் நிற்கிறதா என்று காட்டுகின்ற ரத்தப் பரிசோதனைக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். சாதாரண மனிதருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். பெருந்தமனி வால்வு மாற்றியவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 3, ஈரிதழ் வால்வு மாற்றியவர்களுக்கு 2.5 முதல் 3.5 என்று வைத்தியர்கள் எல்லை வகுக்கிறார்கள். தன்னுடைய எல்லை எது என்பதைத் தன் பெயரைப்போல நோயாளி அறிந்திருக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி அறிவது என்று கேட்கலாம். வழி இருக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்குகின்ற தினசரி காலண்டரில், பள்ளிக்குப் போகிற மகளைக் கொண்டு, முழு மாத்திரை நாளுக்கு ஒரு வட்டமும் அரை மாத்திரை நாளுக்கு ஓர் அரைவட்டமும் ஒரு மாதத்துக்குப் போட்டு வைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு மாத்திரையை விழுங்கிய பிறகே அன்றைய தாளைக் கிழிப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால், மறதிக்கு இடமே இல்லை. தாள் கிழிபடாமல் இருந்தால் மாத்திரையும் விழுங்கப்படவில்லை. மாலையில் ஏன் என்றால், காலையில் கொடுத்த பரிசோதனையின் முடிவு வந்து, வைத்தியர் அளவை மாற்றச் சொன்னால், அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக. ஒரு வேளை மறந்துவிட்டால், அன்றே ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது.

கீரையைப் பற்றிய தப்பான உபதேசம் எங்கும் பரவியிருக்கிறது. ‘கீரையே தொடக் கூடாது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அநேகர். கீரையிலுள்ள கே வைட்டமின் இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தேவைப்படுவது விலக்கு அல்ல, ஒரே சீரான அளவு. மழை பெய்து காட்டோரமெல்லாம் கீரை மண்டிக் கிடக்கிற மாதத்தில் களியோடு தினமும் ஒரு சட்டி கீரையும், கோடையில் ஒரு பிடிகூட இல்லையென்றும் இருந்தால், மழைக்காலத்தில் ஐ.என்.ஆர். இறங்கும், கோடையில் ஏறும், இரண்டுமே அபாயம். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே கரண்டிக் கணக்கு என்று வைத்துக்கொண்டால் முருங்கைக் கீரையையும் ருசித்து உண்ணலாம்.

கீரையைவிட ஆபத்தானது மருந்துக்கடை. மூட்டு வலிக்கு, காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், மெட்ரோனிடசோல் போன்றவை ரத்தக்கசிவைத் தூண்டும். காசநோய்க்குக் கொடுக்கப்படுகின்ற ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறாக மாத்திரையின் சக்தியைக் குறைத்துவிடும். ‘நான் வால்வு மாற்றியவள், ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்ற வாக்கியத்தைக் கடையிலும் வைத்தியசாலையிலும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் மற்றவற்றைப் பேச வேண்டும்.

அக்கம்பக்கத்தார் சொல்லுகிற இன்னொரு பேச்சும் உண்டு: ‘அது எலி மருந்தாம், நிறுத்திரு’. வார்ஃபரின் 1948-இல் எலிகளைக் கொல்லும் மருந்தாகத்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. 1954 முதல் மனிதர்களுக்கு, அளவறிந்து கொடுக்கப்படுகிறது. அந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்துபவர் தம் உயிரையே பணயம் வைக்கிறார். படித்த உறவினர்களோ, ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே என்பார்கள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவற்றில் ஒன்றான டபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி, ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் அதிகமானதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2013-இல் முடிவு வெளியாயிற்று. ருமாட்டிக் ஹிருதய நோயும் சீரற்ற நாடித்துடிப்பும் உடைய நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், இந்தியா உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் மற்றொரு புது மாத்திரையான ரிவாராக்ஸபானைச் சோதித்தபோது, பழைய வகை மருந்து சாப்பிட்டவர்களிடையேதான் மரணம் குறைவாக இருந்தது என்று 2022-இல் தெரியவந்தது. ஆகவே பழைய மாத்திரைக்கு இன்னும் மாற்றில்லை.

பெட்டிச் செய்தி: உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய தருணங்கள்

வால்வின் ஒலி மங்கி, மூச்சு திடீரென்று திணறினால். முகம் ஒரு பக்கம் கோணி, கைகால் தளர்ந்து, பேச்சு குழறினால். மலம் தார்போலக் கறுத்துப் போனால், அல்லது ரத்த வாந்தி எடுத்தால். தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும். பல் ஈறில் ரத்தம் கசிவதும், காரணமில்லாமல் தோலில் நீலம் பாரிப்பதும் அன்றே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதற்கான அடையாளங்கள்.

பெண்ணுக்கு வேண்டிய தனிக் கவனம்

இந்த வியாதி பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது. அவர்களிடம் அது பேசப்படுவதோ குறைவு. கல்யாணத்துக்கு முன்னே மார்பில் தழும்பு விழுந்த பெண்ணின் பெற்றோர் அதை மறைத்து மணம் முடிப்பதும், புகுந்த வீட்டில் அவள் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுவதும், ஒளிக்க இடமில்லாத நாள்களில் சாப்பிடாமல் விடுவதும் நடக்கின்றன. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமானால் வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையைத் தானே குறைத்துக்கொள்கிற பெண்களும் உண்டு.

கர்ப்பம் இன்னும் கடினமான விஷயம். வார்ஃபரின் தாயிடமிருந்து கருவுக்குச் செல்லும். ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது சிசுவின் அங்கங்களைக் கெடுக்கக்கூடும். அதற்கு அஞ்சித் தானாகவே நிறுத்திவிட்டாலோ தாயின் வால்வு உறைந்து இரண்டு உயிருக்கும் ஆபத்து. இடைக்காலத்தில் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவதா, குறைந்த அளவில் மாத்திரையையே தொடர்வதா என்பதை ஹிருதய வைத்தியரும் பிரசவ வைத்தியரும் சேர்ந்து, கருத்தரிப்பதற்கு முன்னரே தீர்மானித்தாக வேண்டும். நாள் தள்ளிய மறுநாளே சொல்லவேண்டிய செய்தி இது, மூன்றாவது மாதத்தில் அல்ல. இந்தச் சிக்கலை நினைத்துத்தான் இளம்பெண்களுக்குச் சில வைத்தியர்கள் மாட்டின் அல்லது பன்றியின் திசுவால் ஆன வால்வை யோசனை சொல்கிறார்கள். அதற்கு ஆயுள் முழுவதும் மாத்திரை பெரும்பாலும் வேண்டியதில்லை, ஆனால் இளவயதில் அது விரைவில் தேய்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளிலோ அதற்கு முன்போ மறுபடி மார்பைத் திறக்க நேரும். எது வேண்டும் என்பதை முடிவு செய்கிற உரிமை அந்தப் பெண்ணுடையது. அந்த உரிமையைப் பயன்படுத்த அவளுக்குப் புரிகிற பாஷையில் அரைமணி நேரம் ஒதுக்குவது ஆஸ்பத்திரியின் கடமை.

வால்வு சுருங்கியிருப்பதே தெரியாத பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறத்தாழ 40 சதவிகிதம் கூடுவதால், அதுவரை மறைந்திருந்த சுருக்கம் ஐந்து, ஆறு மாதத்தில் மூச்சுத்திணறலாக வெளிப்படும். ‘மாசமா இருக்கா, மூச்சு வாங்கத்தான் செய்யும்’ என்று பெரியவர்கள் தள்ளிவிடக் கூடாது. படுத்தால் இருமலும், இரவில் எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சும் என்றால், எக்கோ பரிசோதனை அவசரமாக வேண்டும்.

அலகும் பல்லும்

செயற்கை வால்வில் கிருமி குடியேறினால் அதை விரட்டுவது மிகவும் கஷ்டம். வாயிலிருந்து கிருமி ரத்தத்துக்குள் நுழைவது எளிது. ஆகவே தினமும் இருவேளை பல் துலக்குவது வால்வுக்காரருக்குச் சிகிச்சையின் ஒரு பாகம். பல் பிடுங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு வைத்தியர் சொன்னபடி ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடாவிட்டால், கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதற்கு முன்பே, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். முதலில் மாத்திரை சாப்பிட்டுவிட்டால் அந்தப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகும்.

மாரியம்மன் பண்டிகையில் கன்னத்தில் அலகு குத்திக்கொள்வதாக நேர்ந்துகொண்டவர்கள், வால்வு மாற்றிய பிறகு அந்தப் பிரார்த்தனையை வேறுவிதமாகச் செலுத்த வேண்டும்: நிற்காத ரத்தம் ஒன்று, உள்ளே புகும் கிருமி மற்றொன்று. வேண்டுதலைப் பூசாரியிடம் சொல்லிப் பொங்கலாகவோ முடிகாணிக்கையாகவோ மாற்றிக்கொள்வதை எந்தத் தாயும் கோபித்துக்கொள்ள மாட்டாள். சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள் வைத்தியரிடம் உத்தரவு பெற்றுப் போவதும், விரதமிருந்தாலும் மாத்திரையை விடாமல் மடியில் முடிந்துகொண்டு போவதும் அவசியம். கால் வீங்குகிறவர்கள் கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்க வேண்டும். உப்புதான் உடம்பில் நீரைத் தேக்குகிறது.

யார் சொல்லிக்கொடுப்பது?

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறுகிற நாளில் குடும்பத்தார் காப்பீட்டுக் காகிதத்துக்கும் மருந்துக்கடைக்கும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். செவிலியருக்கோ அடுத்த படுக்கைக்கு நோயாளி வந்து காத்திருக்கிறார். அந்த அவசரத்தில் சொல்லப்படுகின்ற ஐந்து நிமிஷ உபதேசம் மனத்தில் தங்காது. ரணசிகிச்சைக்கு முன்பே தொடங்கி, தினமும் சிறிது சொல்லி, ‘இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கக்கா, மாத்திரை மறந்துபோனா என்ன செய்வீங்க?’ என்று நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பதுதான் நல்ல போதனை. எல்லைப்புற மக்கள் வந்துபோகின்ற மைசூரு, மேட்டூர், சேலம் ஆஸ்பத்திரிகளில் தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில், படத்துடன், ஒற்றைத் தாள் குறிப்பு ஒன்று இருப்பதற்கு அதிகச் செலவாகாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. மார்பைத் திறப்பதற்குப் பணம் கொடுக்கின்ற அரசாங்கம், அதன் பிறகு மாதாமாதம் தேவைப்படுகின்ற ஐ.என்.ஆர். பரிசோதனையைக் கிராமத்துக்குக் கொண்டுவரவில்லை. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தமெடுத்துச் சில நிமிஷங்களில் முடிவு சொல்கிற கையடக்கக் கருவி உலகில் இருக்கிறது. அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால், கோபிநத்தத்துத் தாயார் ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழந்து நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. போக முடியாத மாதத்தில் பரிசோதனை தவறுகிறது. தவறிய மாதங்களில்தான் பக்கவாதம் வருகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மருந்து கொண்டுபோகிறது. வால்வு மாற்றியவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது சாத்தியமே. கர்நாடக அரசும் தன் காட்டோரக் கிராமங்களுக்கு இதைச் செய்ய வேண்டும்.

அரசாங்கம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்றிருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ வால்வு மாற்றியவர் ஒருவர் இருந்தால், கடைசியாக ஐ.என்.ஆர். எப்போது பார்த்தார் என்று இன்றே கேளுங்கள். வைத்தியர் சொன்ன கெடு தாண்டியிருந்தால், நாளைக் காலைப் பேருந்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.